கரஸ்ல பி.எட். படிக்கலாமா? ராமநாதபுரம் கடலோரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிகிற சமயத்தில் யாராவது ஒரு தங்கச்சி சான்றிதழ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். “அக்கா, கரஸ்ல பி.எட். போடணும். ஃபாரம் நிரப்பிக் குடுங்க.” ஃபாரம் நிரப்ப அரை மணி நேரம் போதும். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றுக்குத்தான் ஒரு மாதம் வேண்டும். அந்த ஒரு மாதத்தை எப்படிக் கழிப்பது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்துக்காரி. மஞ்சூரில் இருக்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் டீச்சர் டிரெயினிங் முடித்து, தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே பி.எட். முடித்தவள். முதல் முறை போட்ட விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் கேள்வி: உங்களுக்கு இது உண்டா?

கரஸ் என்று நாம் சொல்கிற தொலைநிலை பி.எட். எல்லாப் பட்டதாரிகளுக்கும் கிடையாது. நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அதாவது என்.சி.டி.இ., 2014இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி இரண்டு வகையினர் மட்டும் சேரலாம். ஒன்று, பயிற்சி பெற்று, தொடக்கக் கல்வியில் இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்கள். இரண்டு, என்.சி.டி.இ. அங்கீகரித்த ஓர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பை நேரடி வகுப்பில் முடித்தவர்கள். நம் ஊர்க் கணக்கில், தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சிப் பட்டயமான டி.டி.எட். அல்லது டி.எல்.எட். படிப்பை ரெகுலரில் முடித்து, கூடவே ஒரு பட்டமும் வைத்திருப்பவர்கள்.

“நான் அஞ்சு வருஷமா மெட்ரிக் ஸ்கூல்ல கிளாஸ் எடுக்குறேனே அக்கா” என்று கேட்பவர்கள் உண்டு. பயிற்சிப் பட்டயம் இல்லாமல் வெறும் அனுபவம் மட்டும் இருந்தால் செல்லாது. வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

பாம்பனில் ஒரு பிள்ளை. பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவள், டிரெயினிங் படிக்கவில்லை. ஓர் ஏஜென்ட், வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே வருஷத்தில் பி.எட். வாங்கித் தருவதாகவும், வகுப்புக்கே போக வேண்டாம் என்றும் சொல்லி முன்பணம் வாங்கிவிட்டார். அவள் காட்டிய ரசீதை இப்போதும் மறக்க முடியவில்லை. கோடு போட்ட நோட்டுத் தாளில் தொகையும் கையெழுத்தும் மட்டும் இருந்தன. பல்கலைக்கழகத்தின் பெயர் இல்லை, பதிவு எண் இல்லை. அவளுடைய அம்மா கருவாடு விற்றுச் சேர்த்த காசு அது. திரும்பக் கிடைக்கவே இல்லை.

அதனால் நான்கு விஷயங்களை மனதில் வையுங்கள். தொலைநிலை பி.எட். குறைந்தது இரண்டு வருஷம். ஒரு வருஷத்தில் முடித்துத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஆன்லைன் பி.எட். என்ற ஒன்றுக்கு அங்கீகாரம் கிடையாது. ஒரு மாநிலத்துப் பல்கலைக்கழகம் தன் எல்லையைத் தாண்டி இன்னொரு மாநிலத்தில் தொலைநிலை மையம் நடத்த முடியாது. பள்ளியில் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சியிலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. கல்லூரியின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்திலும் என்.சி.டி.இ. தளத்திலும் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் இருக்க வேண்டும்.

டிரெயினிங் படிக்காத பட்டதாரிகள் மனம் விட வேண்டாம். ரெகுலர் பி.எட். இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரியும் புதுக்கோட்டையில் அரசுக் கல்வியியல் கல்லூரியும் நமக்கு எட்டுகிற தூரம்தான். பாம்பன் பிள்ளையும் கடைசியில் ரெகுலரில்தான் சேர்ந்தாள். இன்னொரு வழியும் உண்டு. சிறப்புக் கல்வி பி.எட். என்பது இந்திய மறுவாழ்வு மன்றத்தின் கீழ் வருவது. தொலைநிலையில் இரண்டரை வருஷம். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்க மனம் இருப்பவர்கள் அதைத் தனியாக விசாரியுங்கள்.

எதற்காகப் படிக்கிறீர்கள்?

பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாம் என்ற நினைப்பு இன்னும் சிலரிடம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்போடு அது முடிந்துவிட்டது. ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு பி.எட். தகுதியாகாது, தொடக்கக் கல்விப் பட்டயம்தான் தகுதி. கையில் டி.டி.எட். இருப்பவர்களுக்கு பி.எட்.டும் சேர்ந்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்க டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும். 2025 செப்டம்பர் 1இல் வந்த இன்னொரு தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற, பணியிலுள்ள ஆசிரியர்களும் இரண்டு வருஷத்துக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஆகவே பி.எட். புத்தகத்தையும் டெட் புத்தகத்தையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கத் திட்டமிடுங்கள். குழந்தை உளவியல் இரண்டுக்கும் பொது.

இக்னோவா, தமிழ்நாடு திறந்தநிலையா?

இக்னோ என்பது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். நம் பக்கத்தில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பி.ஏ. தமிழ் படித்தவர் என்றால் இக்னோ பக்கம் போக வேண்டாம். அதன் நுழைவுத் தேர்வில் பாடப் பகுதிக்கு அறிவியல், கணிதம், சமூக அறிவியல், ஆங்கிலம், இந்தி என்றுதான் இருக்கிறது. தமிழ் இல்லை. வினாத்தாளும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும். தமிழ்வழியில் படித்து, தமிழில் எழுதினால்தான் மனதில் இருப்பது கைக்கு வரும் என்பவர்கள் 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் இல்லாத அறிவியல், கணிதப் பட்டதாரிகளுக்கு இக்னோ நன்றாகவே பொருந்தும்.

இக்னோவுக்குப் பட்டத்திலோ முதுகலையிலோ 50 சதவீதம் வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு 55. எஸ்.சி., எஸ்.டி., கிரீமிலேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. தமிழக அரசின் பி.எட். சேர்க்கை விதியில் பொதுப் பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 என்பது வழக்கம். மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது அந்த வருஷத்துப் பிராஸ்பெக்டஸில் இந்த வரியைத்தான் முதலில் தேட வேண்டும். மொழிப்பாடங்களைச் சேர்த்துக் கணக்கிடுவதா, முதன்மைப் பாடங்களை மட்டுமா என்பதையும் பாருங்கள். 49.6 வந்தால் 50 என்று நீங்களாக எழுதாதீர்கள். ஃபாரத்தில் எழுதுவதும் மதிப்பெண் பட்டியலில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே பெயர்

என் முதல் விண்ணப்பம் போனது இந்த இடத்தில்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலும் பெயரும் இருந்தன. பட்டச் சான்றிதழில் அப்பா பெயர் முழுசாக வந்திருந்தது. ஆதாரிலோ ஞானஸ்நானப் பெயரும் சேர்ந்துகொண்டது. மூன்றும் நான்தான். ஆனால் சரிபார்த்தவருக்கு மூன்று பேராகத் தெரிந்தது. திருத்தி அனுப்ப ஒரு வாரம் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் எதுவும் நடக்கவில்லை. ஒரு வருஷம் போயிற்று.

கடலோரத்தில் இந்தச் சிக்கல் அதிகம். கிறிஸ்தவ வீடுகளில் கோயிலில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ‘பாத்திமா’ என்பதையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரை ஏற்றியவர்கள் இன்னொரு பக்கம்.

செய்ய வேண்டியது இதுதான். எல்லாச் சான்றிதழ்களையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிரெயினிங் பட்டயம், பட்டம், ஆதார், சாதிச் சான்று. ஒரு நோட்டில் ஒவ்வொன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து, புள்ளி உட்பட எழுதுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரை மாற்றுவதுதான் எளிது. ஆனால் ஆயுளுக்கு இரண்டு முறைதான் ஆதாரில் பெயர் திருத்த முடியும், பிறந்த தேதி ஒரு முறைதான். அவசரத்தில் அந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம். பெயரே வேறு என்றால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டியிருக்கும். தமிழ்நாடு எழுதுபொருள் அச்சுத் துறை அதைச் செய்கிறது, வாரக்கணக்கில் நாள் பிடிக்கும்.

இன்னொன்று, உப்புக் காற்று. நம் வீடுகளில் தகரப் பெட்டியில் வைத்த சான்றிதழ்கூட ஈரம் பூத்து ஓரம் மஞ்சளாகி, முத்திரை மங்கிவிடுகிறது. அதற்குப் பயந்து லேமினேட் செய்பவர்கள் பின்பக்கத்தையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். லேமினேட் வேண்டாம். கண்ணாடிக் கவரில் போட்டு, இரண்டு மடிப்புக்கு மேல் மடிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். எழுத்து அழிந்துபோன மதிப்பெண் பட்டியலுக்கு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் நகல் கேட்டு இப்போதே விண்ணப்பியுங்கள்.

ஓ.டி.பி. எந்த போனுக்கு வருகிறது?

சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர டி.இ.பி. ஐ.டி., அதாவது யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவுத் தளத்தில் எடுக்கும் அடையாள எண், கட்டாயம். அதை உருவாக்க முதலில், அரசின் ஆன்லைன் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக, படிப்பில் பெறும் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கான ஏ.பி.சி. ஐ.டி. வேண்டும். இரண்டுமே ஆதாரோடு பின்னிக் கிடப்பவை. ஆதாரோடு இணைந்த எண்ணுக்குத்தான் ஓ.டி.பி. வரும்.

அந்த எண் பெரும்பாலும் அப்பாவுடையது, இல்லை வீட்டுக்காரருடையது. அவர் போட்டில் இருப்பார். காலையில் கடலுக்குப் போனால் மறுநாள்தான் கரை. தீவை விட்டுக் கொஞ்சம் விலகினாலே டவர் போய்விடும், சில இடங்களில் இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும். இங்கே பிரவுசிங் சென்டரில் ஒரு பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஓ.டி.பி. கடலில் போயிருக்கும். விண்ணப்பம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே ஆதார் மையத்தில் உங்கள் சொந்த எண்ணை இணைத்துவிடுங்கள். விரல் ரேகை வைத்தால் போதும், வேறு ஆவணம் கேட்பதில்லை. அந்த சிம்மை இரண்டு வருஷத்துக்கு ரீசார்ஜ் விடாமல் வைத்திருங்கள். மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும், கடைக்காரருடையது வேண்டாம். ஹால் டிக்கெட் முதல் வகுப்புத் தகவல் வரை அதில்தான் வரும்.

இதை வரிசையாகச் செய்யுங்கள்: ஆதாரில் பெயரும் எண்ணும் சரி, பிறகு டிஜிலாக்கர், பிறகு ஏ.பி.சி., பிறகு டி.இ.பி., கடைசியில்தான் பல்கலைக்கழக ஃபாரம். வரிசை மாறினால் தவறான பெயர் அடுத்தடுத்த இடங்களுக்கும் ஏறிப் போகும்.

சாதிச் சான்று, பணிச் சான்று

நம் கையில் இருக்கும் பழைய அட்டையோ இ-சேவையில் எடுத்த சாதிச் சான்றோ மாநில ஒதுக்கீட்டுக்குப் போதும். இக்னோ மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வேண்டும். நம் குடும்பம் கிரீமிலேயரில், அதாவது வசதியுள்ள பிரிவில் வரவில்லை என்று காட்டுவது அது. இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர நாளாகும். நம் சாதி மாநிலப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது, மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மரைக்காயர், ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சான்றில் ‘லப்பை’ என்ற சொல் எப்படி இடம்பெற்றிருக்கிறது என்பது முக்கியம்.

பணியில் இருப்பவர்கள் தலைமையாசிரியரிடம் சேவைச் சான்று வாங்குங்கள். சேர்ந்த தேதி, நடத்தும் வகுப்பு, பள்ளியின் அங்கீகாரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். படிவத்தில் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்டிருந்தால் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் உயர்கல்விக்குத் துறை அனுமதி வாங்கிய பிறகு சேருங்கள். சேர்ந்துவிட்டு அனுமதி கேட்டால் பின்னாளில் பணிப்பதிவேட்டில் பட்டத்தைப் பதியும்போது இடறும்.

பணம்

இக்னோ பி.எட். கட்டணம் 55,000 ரூபாய். நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்கு 1,000 ரூபாய். சேர்க்கையின்போது மொத்தத்தையும் கட்ட வேண்டும் என்பதுதான் நம் வீடுகளுக்குக் கடினம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த மாதங்களில் அடுப்பெரிவதே நிவாரணத்தையும் கடனையும் நம்பித்தான். அதனால் தடைக்காலத்துக்கு முன், தை, மாசியிலேயே சீட்டு எடுத்து வங்கியில் போட்டுவிடுங்கள். தாலிச் செயினை அடகு வைத்துக் கட்டியவள் நான். இரண்டு வருஷம் வட்டி கட்டினேன். மகளிர் குழுக் கடன் கிடைக்குமென்றால் அதுதான் நல்லது.

பணத்தை உங்கள் கையால், பல்கலைக்கழகத் தளத்திலேயே கட்டுங்கள். பணம் பிடித்துவிட்டு ‘ஃபெயில்டு’ என்று வந்தால் உடனே மறுபடி கட்டாதீர்கள். ஒரு நாள் பொறுத்து நிலையைப் பாருங்கள். ரசீதைப் படமெடுத்து, ஜெராக்ஸும் எடுத்து வையுங்கள்.

ஃபாரம் நிரப்பும் நாள்

கடைசித் தேதியில் போய் உட்காராதீர்கள். ஃபோட்டோ, கையெழுத்து, சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் முன்பே தயாராக இருக்கட்டும். கையெழுத்தை வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்டு ஸ்கேன் செய்யுங்கள். இனிமேல் எங்கும் அதே கையெழுத்துத்தான். சப்மிட் அழுத்துவதற்கு முன் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து, ஃபாரத்தில் இருப்பதை நீங்கள் சத்தமாகப் படிக்க, அவர் சான்றிதழைப் பார்த்துச் சரி சொல்லட்டும். பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறிப்போவதை இப்படித்தான் கண்டுபிடிப்போம்.

நுழைவுத் தேர்வு

இக்னோவுக்கு இரண்டு மணி நேரம், நூறு கேள்விகள். ஆங்கிலம் 10, தர்க்கம் 20, கல்வி மற்றும் பொது அறிவு 25, கற்றல் கற்பித்தலும் பள்ளியும் 25, உங்கள் பாடம் 20. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் விட்டுவிட வேண்டாம்.

கற்றல் கற்பித்தல் பகுதிக்குப் புதிய கைடு வாங்கத் தேவையில்லை. டிரெயினிங்கில் எழுதிய உளவியல் நோட்டைத் தூசி தட்டுங்கள். பியாஜே, வைகாட்ஸ்கி, பாடத்திட்டக் குறிப்பு, மதிப்பீடு எல்லாம் அதில் இருக்கிறது. கல்விப் பொது அறிவுக்குக் கோத்தாரிக் குழு 1964–66, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, தேசியக் கல்விக் கொள்கை 2020, 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா இவற்றைப் படித்தால் நிறையக் கேள்விகள் கைக்குள் வரும். பலர் தடுக்கி விழுவது தர்க்கத்தில்தான். தினம் பத்துக் கணக்கு, நேரம் வைத்துப் போடுங்கள்.

சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டிய லீவு

இக்னோவில் வருஷத்துக்கு 12 நாள் வீதம் இரண்டு பயிலரங்குகள், மொத்தம் 16 வாரப் பள்ளிப் பயிற்சி. வருகை கட்டாயம். ஒன்று முதல் ஐந்து வகுப்பு மட்டும் உள்ள பள்ளியில் வேலை பார்க்கிறவர்கள் ஆறாம் வகுப்புக்கு மேல் உள்ள பள்ளியில் பாடம் நடத்த வேண்டியிருக்கும். தனியார் பள்ளியில் இருப்பவர்களுக்கு அந்த வாரங்களில் சம்பளம் கிடைக்காமல் போகலாம். தாளாளரிடம் இப்போதே பேசுங்கள். பக்கத்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரையும் ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். நான் போனபோது அந்த சார், “வாம்மா, எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடு” என்றார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பணம் கட்டினேன்.

பயிலரங்குக்கு எந்த ஊர் மையம் என்பதும் முக்கியம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு ரயிலில் போய் வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பன்னிரண்டு நாளும் போய் வர முடியாது. சொந்தக்காரர் வீடோ விடுதியோ முன்பே பாருங்கள். கைக்குழந்தை இருந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். எனக்கு என் மைனி பார்த்துக்கொண்டார்.

தேர்வுகள் ஜூனிலும் டிசம்பரிலும் வரும். டிசம்பர் நமக்குப் புயல் மாதம். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிய செய்தி வந்தாலே தீவில் இருப்பவர்கள் முந்தின நாள் ராமநாதபுரத்துக்கு வந்து தங்கிவிடுங்கள். காற்று பலமாக வீசினால் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவார்கள், தேர்வு மையம் அதற்காகக் காத்திருக்காது. 2020 டிசம்பரில் புரெவி வந்தபோது தீவு எப்படி முடங்கியது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும்.

பட்டியலில் பெயர் வந்த பிறகு சரிபார்ப்புக்கு அசல் சான்றிதழ்கள், இரண்டு செட் சுய சான்றொப்பமிட்ட ஜெராக்ஸ், டிசி, டி.இ.பி. ஐ.டி. அச்சுப்பிரதி, கட்டணம் கட்ட ஏ.டி.எம். அட்டை, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டு போங்கள். அசலை எந்த மேசையிலும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலமென்றால் ஃபைலை பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு போங்கள்.